தட்டையடிக் காலணி

தட்டையடிக் காலணி என்பது குதிகால் பகுதி உயர்த்தப்படாத, மெல்லிய, எளிதில் வளையக்கூடிய அடிப்பகுதியைக் கொண்ட ஒரு காலணி வகை ஆகும். இது வெறுங்கால் காலணி என்றும் மினிமலிசக் காலணி என்றும் அழைக்கப்படுகிறது. ஓட்டப் பயிற்சி, எடைப் பயிற்சி, நெடுநடை ஆகியவற்றுக்கு இது அணியப்படுகிறது. கல், முள், கண்ணாடித் துண்டு, தரையின் சூடு ஆகியவற்றிலிருந்து பாதத்தைக் காப்பதும், பாதத்தின் இயல்பான அசைவில் இயன்றவரை குறுக்கிடாதிருப்பதும் இக்காலணியின் நோக்கங்களாகும்.

2009ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் இக்காலணிகள் மேற்கு நாடுகளில் பெரும் வரவேற்பைப் பெற்றன. இவை ஓட்டக்காரர்களுக்கு ஏற்படும் காயங்களைக் குறைக்கும் என்று அப்போது பரவலாக நம்பப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. இக்காலணி உடலின் மீது விழும் சுமையை நீக்குவதில்லை. சுமையை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் இடம் மாற்றுகிறது. ஆகவே இதனால் விளையும் நன்மையும் தீமையும், பாதம் அச்சுமைக்குப் பழகுவதற்கு எவ்வளவு காலம் தரப்படுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளன.

வரையறை

எந்தக் காலணியை இவ்வகையில் சேர்ப்பது என்பதில் நீண்ட காலம் ஒத்த கருத்து இருக்கவில்லை. 2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் கூடி ஒரு பொது வரையறையை உருவாக்கினர். அதனுடன் காலணிகளை மதிப்பிடும் ஒரு குறியீட்டு அளவையும் வெளியிட்டனர். இவ்வளவில் ஐந்து கூறுகள் கருத்தில் கொள்ளப்படுகின்றன:

1. எடை - காலணி எவ்வளவு இலேசானது என்பது.
2. அடித் தடிப்பு - பாதத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள பொருளின் உயரம்.
3. உயர வேறுபாடு - குதிகால் பகுதி முன்பாதப் பகுதியைவிட எவ்வளவு உயர்ந்துள்ளது என்பது.
4. வளைதன்மை - காலணியை நீளவாக்கில் மடக்கவும் துணியைப் போல முறுக்கவும் இயலுமா என்பது.
5. நிலைநிறுத்தும் பாகங்கள் - பாதம் உட்புறமாகச் சாய்வதைத் தடுக்க வைக்கப்படும் கடினமான ஆப்புகள், தாங்கிகள் முதலியவை உள்ளனவா என்பது.

ஐந்து கூறுகளுக்கும் சேர்த்து ஒரு காலணிக்கு 0 முதல் 100 வரை விழுக்காடு வழங்கப்படுகிறது. 100ஐ நெருங்கும் காலணி வெறுங்காலுக்கு மிக அருகில் உள்ளது என்பது பொருள்.

அமைப்பு

வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். தட்டையடிக் காலணியில் இவ்வேறுபாடு சுழியம் அல்லது மிகச் சில மில்லிமீட்டர் மட்டுமே. அடிப்பகுதி பெரும்பாலும் மெல்லிய இரப்பரால் ஆனது. நுரைப்பஞ்சு அடுக்கு இராது. இருந்தாலும் மிக மெல்லியதாக இருக்கும்.

இக்காலணியின் மற்றொரு அடையாளம் அகன்ற முன்பகுதி ஆகும். வழக்கமான காலணிகள் பல, நுனியில் குறுகி விரல்களை ஒன்றோடொன்று நெருக்குகின்றன. தட்டையடிக் காலணியின் முன்பகுதி விரல்கள் விரிந்து ஊன்றுவதற்கு இடம் தரும் வகையில் வெட்டப்படுகிறது. சில வகைகளில் கையுறையைப் போல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறை உண்டு.

இந்தியப் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணியப்படும் வெள்ளைக் கான்வாசு காலணியும் மெல்லிய தட்டையான இரப்பர் அடியைக் கொண்டதே. எனினும் அதன் முன்பகுதி குறுகலானது என்பதால் அது இவ்வகைக்கு முழுதும் பொருந்துவதில்லை.

வரலாறு

பழங்காலக் காலணிகள்

மனித வரலாற்றின் பெரும்பகுதியில் காலணி என்பது தட்டையான, மெல்லிய ஒரு பொருளாகவே இருந்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் ராக் குகையில் கண்டெடுக்கப்பட்ட, தாவரப் பட்டையால் பின்னப்பட்ட செருப்புகள் 9,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஆர்மீனியாவின் அரேனி குகையில் 2008இல் கிடைத்த, ஒரே தோல் துண்டால் ஆன காலணி ஏறத்தாழ 5,500 ஆண்டுகள் பழமையானது. இரண்டிலும் உயர்த்திய குதிகால் இல்லை.

மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்து மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் இராராமுரி மக்கள், உவாராச்சே எனப்படும் வார்ச் செருப்புடன் நெடுந்தொலைவு ஓடும் வழக்கமுடையவர்கள். இவர்கள் தராவுமாரா என்றும் அழைக்கப்படுவர். முன்பு தோலால் செய்யப்பட்ட இச்செருப்பு, பிற்காலத்தில் பழைய வண்டிச் சக்கரங்களின் இரப்பரைக் கொண்டு செய்யப்படலாயிற்று.

நுரைக் காலணியின் எழுச்சி

1960கள் வரை ஓட்டப் பந்தயக் காலணிகளும் மெல்லிய அடியையே கொண்டிருந்தன. 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களிடையே மெதுவோட்டப் பழக்கம் பரவியது. ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன், நைக்கி நிறுவனத்தை நிறுவிய இருவருள் ஒருவர். அவர் வடிவமைத்து 1972இல் அந்நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த கோர்டெசு என்னும் காலணியில் குதிகாலின் கீழ் தடித்த மெத்தை வைக்கப்பட்டிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் ஈ.வி.ஏ. எனப்படும் இலேசான நுரைப்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னர் தடித்த குதிகாலும் நிலைநிறுத்தும் பாகங்களும் ஓட்டக் காலணியின் பொது இலக்கணமாயின.

வெறுங்கால் ஓட்டக்காரர்கள்

நுரைக் காலணிக்கு முன்னரும் பின்னரும் வெறுங்காலுடன் ஓடிப் புகழ் பெற்றவர்கள் உண்டு. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 உரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் தொலைவை வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அது அந்நாளில் உலகின் மிகச் சிறந்த நேரமாகும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடத்தைச் சற்றே கடந்த நேரத்தில் மீண்டும் வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது பிகிலாவின் வாழ்க்கை வெறுங்காலுக்கும் சான்றாகிறது, காலணிக்கும் சான்றாகிறது.

பிரித்தானியாவின் புரூசு டல்லோ 1962இல் பெல்கிரேடில் நடந்த ஐரோப்பிய வாகையர் போட்டியில் 5,000 மீட்டர் ஓட்டத்தை வெறுங்காலுடன் வென்றார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த சோலா பட் 1980களில் வெறுங்காலுடன் ஓடியதற்காக உலகெங்கும் அறியப்பட்டார்.

2000களின் அலை

அமெரிக்காவின் இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழக ஓட்டக்காரர்கள் புல்தரையில் வெறுங்காலுடன் பயிற்சி செய்ததைக் கவனித்த நைக்கி நிறுவனத்தார், எளிதில் வளையும் அடியைக் கொண்ட "ஃபிரீ" என்னும் காலணியை உருவாக்கினர். அதே காலப்பகுதியில் இலண்டனில் விவோபேர்ஃபுட் காலணி உருவானது. காலணி அடிகளைச் செய்து வந்த இத்தாலிய நிறுவனமான விப்ரம், இராபர்ட் ஃபிளிரி என்பவரின் எண்ணத்தைக் கொண்டு "ஃபைவ்ஃபிங்கர்சு" என்னும் ஐவிரல் காலணியை வெளியிட்டது. இது முதலில் படகோட்டம் போன்ற வெளிப்புற விளையாட்டுகளுக்காகவே விற்கப்பட்டது. ஓட்டக்காரர்கள் பின்னரே இதனை நாடினர்.

2009இல் அமெரிக்க இதழாளர் கிறித்தோபர் மெக்டூகல், இராராமுரி ஓட்டக்காரர்களைப் பற்றி எழுதிய "பார்ன் டு ரன்" என்னும் நூல் வெளிவந்து பெருமளவில் விற்றது. மறு ஆண்டு சனவரியில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தானியல் லீபர்மன் குழுவினரின் ஆய்வு "நேச்சர்" இதழில் வெளிவந்தது. இவ்விரண்டும் தட்டையடிக் காலணியைச் சிறு குழுவினரின் ஆர்வத்திலிருந்து பெருஞ்சந்தைக்குக் கொண்டு வந்தன. 2011இல் நியூ பேலன்சு, மெரல் முதலிய பெரிய நிறுவனங்களும் இவ்வகைக் காலணிகளை வெளியிட்டன.

வழக்கும் தேய்வும்

2012இல் விப்ரம் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வாடிக்கையாளர் சார்பில் ஒரு கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. பாதத் தசைகளை வலுப்படுத்தும், காயங்களைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்வதற்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்பது வழக்கின் சாரம். நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எனினும் 2014இல் 37.5 இலட்சம் டாலர் நிதி ஒதுக்கி உடன்பாடு செய்துகொண்டது. தக்க சான்று இல்லாமல் அத்தகைய உடல்நலக் கூற்றுகளை வெளியிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

இதற்குள் சந்தை எதிர்த்திசையில் திரும்பியிருந்தது. 2009இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஓக்கா நிறுவனத்தின் மிகத் தடித்த மெத்தைக் காலணிகள் பரவின. 2017இல் கரியிழைத் தகடும் புதுவகை நுரையும் கொண்ட நைக்கியின் வேப்பர்ஃபிளை காலணி விற்பனைக்கு வந்தது. இவ்வகைக் காலணிகளால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 விழுக்காடு குறைவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலைப் போட்டிக் காலணிகளின் அடித் தடிப்பை 40 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் வரம்பிட வேண்டியதாயிற்று.

இயங்கும் விதம்

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. தசைகளும் தசைநாண்களும் இவ்வெலும்புகளைப் பிணைத்து ஒரு வில்லைப் போன்ற வளைவை உருவாக்குகின்றன. கால் தரையில் ஊன்றும்போது இவ்வளைவு சற்றே தட்டையாகி ஆற்றலைச் சேமிக்கிறது. கால் எழும்பும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது.

தடித்த மெத்தையுள்ள காலணியுடன் ஓடுவோருள் பெரும்பாலோர் முதலில் குதிகாலை ஊன்றுகின்றனர். சப்பானின் சப்போரோவில் நடந்த அரை மாரத்தான் ஒன்றில் முன்னணி ஓட்டக்காரர்களைப் படம்பிடித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் குதிகாலை முதலில் ஊன்றியது தெரியவந்தது. வெறுங்காலுடன் கடினமான தரையில் இவ்வாறு ஊன்றினால் வலிக்கும். எனவே மெத்தை இல்லாதபோது பலர் தம்மையறியாமலேயே எட்டு வைப்பைக் குறுக்கி, முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகின்றனர்.

முன்பாதம் முதலில் ஊன்றும்போது கணுக்கால் சுருள்வில்லைப் போல மடங்கி அதிர்ச்சியை ஏற்கிறது. முழங்காலின் மீதான சுமை குறைகிறது. ஆனால் அதே வேளையில் கெண்டைக்கால் தசைகள், குதிகால் தசைநாண், முன்பாதத்தின் நீண்ட எலும்புகள் ஆகியவற்றின் மீதான சுமை கூடுகிறது. புதிதாக இக்காலணியை அணிந்து ஓடியவர்களுக்கு மறுநாள் கெண்டைக்கால் வலிப்பது இதனாலேயே.

காலணியின் எடையும் கருதத்தக்கது. ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடும்போது ஓட்டத்துக்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுகிறது. இதனால் இலேசான காலணி எப்போதும் நன்று என்று கருதத் தோன்றும். எனினும் 2012இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, வெறுங்காலுடன் ஓடியவர்கள் இலேசான மெத்தைக் காலணியுடன் ஓடியவர்களைவிடக் குறைந்த ஆற்றலைச் செலவிடவில்லை என்று கண்டது. மெத்தை இல்லாதபோது அதன் வேலையைத் தசைகளே செய்ய வேண்டியிருப்பது இதற்கு விளக்கமாகக் கூறப்படுகிறது.

ஆய்வுகள்

ஓடும் பாங்கு

லீபர்மன் குழுவினர் கென்யாவிலும் அமெரிக்காவிலும் காலணி அணிந்து பழகியவர்களையும் வெறுங்காலுடன் பழகியவர்களையும் ஒப்பிட்டனர். வெறுங்காலுடன் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவதையும், அப்போது குதிகால் ஊன்றலில் காணப்படும் திடீர் மோதல் அதிர்ச்சி ஏற்படாததையும் அவர்கள் பதிவு செய்தனர். இதனால் காயங்கள் குறையும் என்று அவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் விளம்பரங்களிலும் செய்திகளிலும் இவ்வேறுபாடு மறைந்து போயிற்று.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு இப்படிமத்தைச் சிக்கலாக்கியது. வடகென்யாவில் வெறுங்காலுடன் வாழும் தாசனெச் மக்கள் தமக்கு இயல்பான வேகத்தில் ஓடியபோது 72 விழுக்காட்டினர் குதிகாலையே முதலில் ஊன்றினர். வேகம் கூடியபோது குதிகால் ஊன்றல் குறைந்தது. ஆகவே வெறுங்கால் என்றால் முன்பாத ஊன்றல் என்று பொதுமைப்படுத்த இயலாது. வேகம், தரை, பழக்கம் ஆகியனவும் ஓடும் பாங்கைத் தீர்மானிக்கின்றன.

காயங்கள்

2013இல் அமெரிக்காவில் 36 ஓட்டக்காரர்கள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் 10 வாரங்களில் படிப்படியாக ஐவிரல் காலணிக்கு மாறினர்; மற்றவர்கள் தம் வழக்கமான காலணியிலேயே தொடர்ந்தனர். பின்னர் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுத்துப் பார்த்தபோது, மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பு மச்சையில் வீக்கம் கூடியிருந்தது. இது எலும்பு தாங்கக்கூடிய அளவை மீறி உழைத்ததன் அடையாளமாகும். மாறாத 17 பேரில் ஒருவருக்கே இவ்வாறு காணப்பட்டது. 10 வாரக் கால மாற்றம்கூடப் பலருக்குப் போதாது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

ஆத்திரேலியாவில் 26 வாரங்கள் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, உடல் எடை மிகுந்த ஓட்டக்காரர்களுக்கு இவ்வகைக் காலணியால் காயம் ஏற்படும் வாய்ப்புக் கூடுவதைக் காட்டியது. வாரந்தோறும் ஓடும் தொலைவு கூடக்கூட வலியும் கூடியது.

2022இல் வெளியான காக்கரேன் தொகுப்பாய்வு, பல்வேறு ஓட்டக் காலணிகளைப் பற்றிய 12 ஆய்வுகளை ஆராய்ந்தது. காலணி வகையை மாற்றுவதால் காயங்களின் எண்ணிக்கை குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. இம்முடிவு தட்டையடிக் காலணிக்கு மட்டுமன்றி மெத்தைக் காலணிக்கும் பொருந்தும் என்பது கவனிக்கத்தக்கது.

பாத வலிமை

ஓட்டத்தில் ஐயத்துக்குரியதாக நின்ற கூற்று, நடையில் ஓரளவு உறுதி பெற்றுள்ளது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வாரங்கள் தட்டையடிக் காலணியுடன் நடந்தவர்களின் பாதத் தசைகள், பாதப் பயிற்சிகள் செய்தவர்களுக்கு நிகராக வலுப்பெற்றன. 2021இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வு, ஆறு மாத அன்றாடப் பயன்பாட்டுக்குப் பின் பாத வலிமை சராசரியாக 57.4 விழுக்காடு கூடியதாகத் தெரிவித்தது.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளும் இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. இராவ், சோசப் ஆகிய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 சிறுவர்களை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணியும் சிறுவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. முன்புறம் மூடிய காலணி அணிபவர்களிடம் இது மிகுதியாகவும், செருப்பு அணிபவர்களிடம் குறைவாகவும் இருந்தது. தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் வாழ்பவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, அவர்களின் பாதம் அகன்றிருப்பதையும் நடக்கும்போது அழுத்தம் பாதம் முழுவதும் சீராகப் பரவுவதையும் கண்டது. இவை குழந்தைப் பருவம் முதல் வெறுங்காலுடன் வளர்ந்தவர்களைப் பற்றியவை. பல ஆண்டுகள் காலணி அணிந்த ஒருவர் வளர்ந்த பின் மாறுவதற்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியன்று.

உடற்பயிற்சிக் கூடத்தில்

ஓட்டத்தைவிட எடைப் பயிற்சியிலேயே தட்டையடிக் காலணியின் பயன் தெளிவாகத் தெரிகிறது. தரையிலுள்ள பளுவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் டெட்லிப்ட் பயிற்சியில், காலணியின் அடி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைந்த தொலைவுக்குப் பளுவைத் தூக்கினால் போதும். மேலும் நுரைப்பஞ்சு பளுவின் கீழ் அமுங்கிப் பக்கவாட்டில் ஆடும். மெல்லிய இரப்பர் அவ்வாறு ஆடுவதில்லை. இதனால் பளுதூக்கிகள் பலர் மெல்லிய துணிக் காலணியுடன் இப்பயிற்சியைச் செய்கின்றனர். 1917இல் கூடைப்பந்துக்காக உருவாக்கப்பட்ட கான்வெர்சு நிறுவனத்தின் தட்டையான கான்வாசு காலணி, இன்று எடைப் பயிற்சியாளரிடையே பரவலாகக் காணப்படுவதும் இதனாலேயே.

எல்லாப் பயிற்சிகளுக்கும் இது பொருந்துவதில்லை. ஒலிம்பிக் பளுதூக்கலில் ஆழமாகக் குந்தி எழ வேண்டியிருப்பதால், குதிகால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயர்ந்த, கெட்டியான அடியுள்ள தனிக் காலணியே அணியப்படுகிறது. கணுக்கால் போதிய அளவு மடங்காதவர்களுக்கு அவ்வுயரம் முதுகு நிமிர்ந்திருக்க உதவுகிறது. கயிறு தாண்டுதல், பெட்டி மீது குதித்தல் போன்றவற்றில் முன்பாதத்தின் மீது மிகுந்த சுமை விழுவதால், பழகாதவர்கள் தட்டையடிக் காலணியுடன் அவற்றைச் செய்வது நன்றன்று. தவறி விழும் பளுவிலிருந்து இக்காலணியின் மெல்லிய மேற்பகுதி விரல்களைக் காக்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மாறும் முறை

தசைகள் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. எலும்பும் தசைநாணும் பழகுவதற்குப் பல மாதங்கள் தேவைப்படும். தசை தயாராகிவிட்டதை உணர்ந்து தொலைவைக் கூட்டும் ஓட்டக்காரரின் எலும்பு அதற்குள் தயாராகியிராது. இவ்விடைவெளியிலேயே பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. எனவே பின்வரும் ஒழுங்கு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது:

- முதலில் சில வாரங்கள் வீட்டிலும் அன்றாட நடையிலும் மட்டும் அணிதல்.
- விரல்களை விரித்தல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் போன்ற பயிற்சிகளை நாள்தோறும் செய்தல்.
- பழைய காலணியைக் கைவிடாமல், ஓட்டத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் புதிய காலணியுடன் ஓடுதல். அப்பகுதியை மாதக் கணக்கில் மெல்லக் கூட்டுதல்.
- எட்டு வைப்பைக் குறுக்கி, உடலுக்கு நேர் கீழே பாதத்தை ஊன்றுதல்.
- கெண்டைக்காலில் பொதுவான அசதி இயல்பானது. பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் தொட்டால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுதல். அது எலும்பில் மயிரிழை முறிவின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

தவிர்க்க வேண்டியவர்கள்

நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்வு குன்றியவர்கள் மெல்லிய அடியுள்ள காலணிகளைத் தவிர்க்க வேண்டும். முள்ளோ கல்லோ தைப்பது அவர்களுக்குத் தெரியாது. சிறு புண் ஆறாது பெரிதாகி, காலையே இழக்க நேரிடலாம். இக்காலணியின் சிறப்பாகக் கூறப்படும் தரையை உணரும் தன்மை, உணர்வுள்ள பாதத்துக்கே பயன்படும். குதிகால் தசைநாண் அழற்சி உள்ளவர்கள், அண்மையில் பாத எலும்பு முறிந்தவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் ஆகியோர் மருத்துவ அறிவுரை பெற்ற பின்னரே இதனை அணிவது நன்று.

இன்றைய நிலை

நெடுந்தொலைவுப் போட்டிகளில் இன்று தடித்த நுரைக் காலணிகளே கோலோச்சுகின்றன. தட்டையடிக் காலணி நடை, எடைப் பயிற்சி, பாத வலிமைப் பயிற்சி ஆகியவற்றில் நிலைபெற்றுள்ளது. இதன் எழுச்சி ஒரு நிலையான மாற்றத்தையும் விட்டுச் சென்றது: உயர வேறுபாடு, அடித் தடிப்பு, முன்பகுதியின் அகலம் ஆகியவை இன்று மெத்தைக் காலணிகளுக்கும் அளந்து கூறப்படுகின்றன. ஓட்டக்காரர் தம் பாதத்தையும் பழக்கத்தையும் கருதிக் காலணியைத் தேர்வு செய்ய இவ்வளவுகள் உதவுகின்றன.

இவற்றையும் பார்க்க

- அபேபே பிகிலா
- மாரத்தான்
- தட்டைப் பாதம்
- பளுதூக்குதல்